கொட்டும், கற்றுக்கொடுக்கும்!

கேள்வி: தேனீ வளர்ப்பைப் புத்தகத்தில் படித்தால் போதாதா? பயிற்சிக்கு வேறு போகவேண்டுமா? (வாசகர், சேலையூர்)

பதில்: பாயில் படுத்துக்கொண்டு நீச்சல் பழக முடியுமா? தேனீக்குப் பதற்றம் ஆகாது, முகத்தில் மூச்சு விட்டாலே சீறும். பெட்டிக்குள் இருக்கும் தேனடைச் சட்டத்தை எவ்வளவு மெதுவாகத் தூக்குவது என்று, பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் கைக்கு வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சி உண்டு. தாம்பரத்தில் நாகர்கோவில் ரயில் ஏறினால் மார்த்தாண்டம் பக்கம்தான், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமத்தாருக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்த மண் அது. போய்வாருங்கள், ஆசையாக இருக்கும்!

அப்புறம், மாடியில் பெட்டி வைத்தால் அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புக்குப் பயிற்சியே வேண்டாம், தேன் எங்கே என்று அதற்கே தெரியும்.