கார்பனைப் பிடித்த நம்ம ஆட்கள்

கார்பனைப் பிடித்துப் புதைப்பது மலேசிய எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் கண்டுபிடித்த வித்தை என்று நினைப்பவர்கள் ஈப்போவுக்கு வரட்டும். சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகள் முழுக்க கார்பன் கிடங்குதான். எடையில் 44 சதவீதம் கரியமில வாயு. இங்கே கடல் இருந்த காலத்தில் சிப்பியும் பவளமும் அதை ஓடாகக் கட்டிவிட்டுச் செத்துப்போயின. டெண்டர் இல்லை, திறப்பு விழா இல்லை. இடம் பிடித்துப்போய் முருகனே கல்லுமலையில் குடியேறிவிட்டார். அப்புறம் மனிதன் வந்தான். மலையை உடைத்துச் சூளையில் வேகவைத்து, அடைத்த வாயுவை அவிழ்த்துவிட்டான்.

அடுத்த திட்டம் வெள்ளைக்காரத் துரைமாருடையது. 1876இல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கிளப்பிக்கொண்டு போனார். மறுவருஷமே கோலகங்சாரில் ஒன்பது கன்று ஊன்றியாயிற்று. கார்பனை மரம் பிடிக்கும். மரத்தில் பால் வெட்டுவது யார்? ஆள் பிடிக்கக் கங்காணி தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கு, கையில் உளி. மங்கில் சொட்டிய பாலைக் காண்டா வாளியில் ஊற்றித் தோளில் தூக்கு. காய்ந்த ரப்பரில் 88 சதவீதம் கார்பன், 12 சதவீதம் ஹைட்ரஜன். எதிர்கால எரிபொருளையும் அதன் எதிரியையும் ஒரே தோளில் சுமந்தவர்களுக்கு, மழை பெய்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தோட்டத்துக் கணக்கர் கிராணி எழுதியதெல்லாம் பால் கணக்கு. கார்பன் கணக்கு எழுத அவருக்குப் புத்தகம் கொடுக்கவில்லை.

இப்போது இயற்கை எரிவாயுவில் அதே ஜோடியைப் பிரித்து வைக்கிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைத்தால் ஒன்பது கிலோவுக்குக் கரியமில வாயு கூடவே வரும். அதைப் பிடித்துப் பூமிக்குள் தள்ளினால் ஹைட்ரஜன் 'நீலம்' ஆகிவிடுமாம். சரவாக் கடலில் காசவாரி எரிவாயு வயலிலிருந்து வரும் கரியமில வாயுவுக்கு, ஹைட்ரஜன் இல்லாமலே இந்தத் தள்ளும் வேலைக்குத் திட்டம் போட்டாயிற்று: ஆண்டுக்கு 33 லட்சம் டன். 2025இல் மலேசிய நாடாளுமன்றம் கார்பனைப் பிடித்துப் புதைக்கத் தனிச் சட்டமே போட்டது. உரிமம் உண்டு, வரி உண்டு, புதைத்த வாயுவைப் பிற்காலத்தில் பார்த்துக்கொள்ள நிதியும் உண்டு.

வாயுவுக்கே பென்ஷன்! துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்துச் சனத்துக்கு எந்தச் சட்டமும் நிதி ஒதுக்கவில்லை. சுங்கை சிப்புட்காரரான தலைவர் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்க, பால்வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். மனிதனாகப் பிறந்ததுதான் அவர்கள் செய்த தப்பு. கரியமில வாயுவாகப் பிறந்திருந்தால் அரசாங்கமே இடம் பார்த்துக் கொடுத்திருக்கும்.