ரேடியோ பிடிப்பியல்: புதுக்கோட்டைச் சீமை வழக்கும் அதன் உரையும்

பாயிரம்

பாயிரம் சொல்லாமல் நூல் சொல்லும் துணிச்சல் நமக்கு இல்லை. ஆகவே முறைப்படி தொடங்குவோம். நூலின் பெயர் ரேடியோ பிடிப்பியல். நுதலிய பொருள், கையில் தூக்கிப் போகிற ரேடியோவில் கரகரப்பில்லாமல் ஸ்டேஷன் பிடிப்பது. வழங்கும் எல்லை, வடமேற்கே விராலிமலை, தென்மேற்கே பொன்னமராவதி, கிழக்கே கீரமங்கலத்துத் தென்னந்தோப்பு, தென்கிழக்கே கோட்டைப்பட்டினத்துக் கடல். 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்துச் சேர்த்த நிலம் இது. கற்றற்கு உரியோர், பொறுமையும் வலது கையில் வலுவும் உடையோர். பயன், முதலில் பாட்டு, பிறகு வீட்டில் அமைதி. இரண்டும் ஒருசேரக் கிட்டுவது அரிது.

இந்நூல் புதுக்கோட்டையில் பிறக்கக் காரணம் என்னை எனின், கூறுதும். குடுமியான்மலைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழு பண்களுக்குரிய சுரங்களைப் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இசைக் கல்வெட்டு என்று உலகம் அறிந்தது. இசைக்க வேண்டியதைக் கல்லில் வெட்டிய முன்னோர், அதைக் கேட்கிறவன் எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று ஒரு வரிகூட வெட்டாமல் போனார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டாக நிற்கும் அந்தக் குறையைத் தீர்க்கவே இம்முயற்சி.

ஒன்று: கம்பி இயல்

சூத்திரம்: மத்திய அலைக்குக் கம்பி இழுத்தல் வீண்.

இச்சூத்திரம் பலர் மனத்தைப் புண்படுத்தும் என்பதை அறிவோம். ரேடியோவைக் கையில் எடுத்ததும் ஏரியல் கம்பியைக் கடைசிக் கணு வரை இழுத்து விடுவது இம்மாவட்டத்தில் அனிச்சைச் செயல். திருச்சி வானொலி கரகரத்தால் கம்பியை இழுப்பார்கள். இழுத்தும் கரகரத்தால் வளைப்பார்கள். வளைத்தும் கரகரத்தால் நுனியில் செம்புக் கம்பி சுற்றி ஜன்னலில் கட்டுவார்கள். இவர்களைக் கம்பிவாதிகள் என்க.

கம்பிவாதம் பண்பலைக்கும் சிற்றலைக்கும் செல்லும். மத்திய அலைக்குச் செல்லாது. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. 936 கிலோஹெர்ட்ஸில் வருவது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். இரண்டரை அடிக் கம்பி அதற்கு எம்மாத்திரம்? பெரும்பாலான கைரேடியோக்களில் மத்திய அலையைப் பிடிப்பது வெளியே தெரியும் கம்பி அன்று. பெட்டிக்குள் மேற்புறமாகப் படுத்திருக்கும் ஃபெரைட் ராடு என்னும் கருங்கோலும், அதன்மேல் சுற்றிய மெல்லிய செம்புச் சுருளும்தான். உழைப்பது உள்ளே இருப்பது, பெயர் வாங்குவது வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. இது ரேடியோவுக்கு மட்டும் உரிய விதி அன்று. எனினும் மற்றவை இந்நூலின் எல்லைக்கு வெளியே கிடப்பன.

இரண்டு: திசை இயல்

சூத்திரம்: ரேடியோவின் அகன்ற முகம் ஸ்டேஷனைப் பார்க்க, அதன் விலா இரைச்சலைப் பார்க்க வைத்தல் தகும்.

ஃபெரைட் ராடு பெட்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. அலை வரும் திசைக்குக் குறுக்கே கிடந்தால் நன்றாகக் கேட்கும். அதன் நுனி ஸ்டேஷனைப் பார்த்தால் ஒலி அமுங்கிப்போகும். பெட்டியைத் தட்டாமாலை சுற்றினால் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் ஓங்கும், இரண்டு இடத்தில் ஒடுங்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஓங்கும் இடம் அகலமானது, பத்து இருபது டிகிரி தவறினாலும் வித்தியாசம் தெரியாது. ஒடுங்கும் இடமோ குறுகியது, ஆழமானது. ஆகவே கெட்டிக்காரர் ஸ்டேஷனைத் தேடித் திருப்புவதில்லை. தொல்லை தரும் ஒலி எது என்று பார்த்து, ராடின் நுனியை அதற்குக் காட்டுவார். பிடிப்பது என்பது பெரும்பாலும் விலக்குவதே. இந்நூல் முழுவதற்கும் உயிரான கருத்து இதுவே. மற்றவை இதன் விரி.

இனிப் புதுக்கோட்டைக்கே உரிய ஒரு சிறப்பு. நகரத்திலிருந்து பார்த்தால் திருச்சி வடக்கே சற்று மேற்காக, 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அடிகோல் வைத்து அந்தக் கோட்டை அப்படியே தெற்கே நீட்டுங்கள். பாக் நீரிணையைத் தாண்டி, புத்தளத்தை அடுத்த கடல்வழியே, கொழும்புக்குப் போய்ச் சேரும். ராடுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. எந்தப் பக்கத்து அலையானாலும் சரிசமமாக வாங்கும். ஆகவே புதுக்கோட்டையில் பெட்டியைக் கிழக்கு மேற்காக வைத்தவருக்குத் திருச்சியும் கிடைக்கும், இலங்கையும் கிடைக்கும். எழுந்து திருப்ப வேண்டியதில்லை, முள்ளை நகர்த்தினால் போதும். மேற்கு மூலையிலும் கடலோரத்திலும் கோடு சற்றுக் கோணும் என்பதால் இவ்வசதி சற்றுக் குறையும். தலைநகராக இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இதுவே காரணம் என்று நாம் வாதிடவில்லை. இச்சீமையை ஆண்ட தொண்டைமான்கள் அதைத் தேர்ந்தெடுத்த காலத்தில் ரேடியோ இருக்கவில்லை என்ற ஒரே ஒரு தடைதான் அதற்கு உண்டு.

மூன்று: நில இயல்

சூத்திரம்: கடல் கடத்தும், கல் தடுக்கும், இரவு இரண்டையும் மாற்றும்.

பகலில் மத்திய அலை தரையை ஒட்டியே நகர்கிறது. தரை மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் அலை தேயாமல் போகும். உப்புக்கடல், காய்ந்த பாறை நிலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்தும். புதுக்கோட்டையோ கல்லும் செம்புறாங்கல்லும் மலிந்த சீமை. திருச்சியிலிருந்து கிளம்பும் அலை நார்த்தாமலைப் பக்கத்துப் பாறையில் கால்தேய நடந்து வர வேண்டும். புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு கிளம்பும் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் அலையோ மன்னார் வளைகுடா, பாக் நீரிணை என்று வழிநெடுகத் தண்ணீரிலேயே வந்து கோட்டைப்பட்டினத்தில் கரையேறிவிடும். கடலோரத்தில் அயலூர் அருகிலும் சொந்த ஊர் தொலைவிலும் இருப்பதன் மர்மம் இதுதான்.

சூரியன் மறைந்ததும் கதை மாறும். வானில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அடுக்கு, பகலெல்லாம் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கும். இருட்டினால் அது கலைந்துபோகும். அப்போது அலை அதற்கும் மேலே உள்ள அடுக்கில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். விளக்கு வைத்த பிறகு முகம் தெரியாத மொழிகளெல்லாம் ரேடியோவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதற்கு இதுவே காரணம், பேய் அன்று.

இங்கே வரலாற்றுக் குறிப்பு ஒன்று. 1952-இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கைவிட்டது. பாட்டுக்கென்று விவித பாரதி வந்தது 1957 அக்டோபர் 3 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பாட்டுக் கேட்க விரும்பியவன் முள்ளைக் கொழும்பிலிருந்து வரும் இலங்கை வானொலிக்குத் திருப்பினான். திருப்பிய முள் திரும்பி வரவில்லை; மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அதன் அறிவிப்பாளர் குரல்கள் மாறி மாறி அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. கொள்கையைத் தில்லியில் வகுத்தார்கள். இயற்பியலைக் கடல் வகுத்திருந்தது.

நான்கு: பண்பலை இயல்

சூத்திரம்: உயரம் வெல்லும்; முள்ளின் தடிமன் தோற்கும்.

பண்பலை நேர்க்கோட்டில் வருவது. தடுப்பு இருந்தால் தயங்கும். கொடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மலை கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர். அந்த உயரத்திலிருந்து வானலைக்குத் தொடுவானம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். புதுக்கோட்டை நகரம் 150 கிலோமீட்டருக்குள் வந்துவிடுவதால் கொடைக்கானலின் பார்வையிலேயே இருக்கிறது. மறுபுறம் காரைக்கால், 100.3 மெகாஹெர்ட்ஸ், கடற்கரையில், நகரத்திலிருந்து கிட்டத்தட்ட அதே தூரம். நல்ல இரவுகளில் இதுவும் எட்டிப் பார்க்கும்.

இரண்டுக்கும் இடையில் 0.2. கைரேடியோவின் டயலிலோ முள்ளே அதைவிடத் தடிமன். ஆகவே கொடைக்கானலில் கேள்வி கேட்டால் காரைக்காலில் பதில் வருவது உண்டு. தீர்வு யாதெனின், கம்பியைச் சாய்த்துப் பார்த்தல். அதுவும் ஆகாதெனில் பெட்டியை நகர்த்துதல். பண்பலையின் அலைநீளம் மூன்று மீட்டர். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதி, அறைக்குள்ளேயே மேடும் பள்ளமுமாக நிற்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே முக்கால் மீட்டர், அதாவது ஒன்றரை முழத்துக்குச் சற்று மேல். ஆகவே ரேடியோவை வீடு விட்டு வீடு தூக்கிப் போக வேண்டியதில்லை. மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வைத்தாலே உலகம் மாறும்.

ஐந்து: கட்டை இயல்

சூத்திரம்: தட்டலும் வெயிலில் காயவைத்தலும் மூடநம்பிக்கை அல்ல, முழு நம்பிக்கையும் அல்ல.

ரேடியோவின் தலையில் தட்டினால் பேசும் என்பாரைத் தட்டல்வாதிகள் என்க. கட்டை, அதாவது பேட்டரி, தொடும் ஸ்பிரிங், பேண்டு மாற்றும் சுவிட்சு, ஒலிக் குமிழுக்குள் இருக்கும் கரித்தடம் ஆகியவற்றில் அழுக்கும் துருவும் சேரும். அதிர்ச்சியில் தொடர்பு மீளும். ஆகவே தட்டுக்குப் பயன் உண்டு. கட்டையை வெயிலில் காயவைப்பாரும் சிறிது நேரம் வெல்வர்: சூட்டில் உள்ளே வேதிவினை விரைவுபடும். பல்லால் கடிப்பாருக்கு மட்டும் இந்நூலில் இடமில்லை.

ஆறு: ஆள் இயல்

சூத்திரம்: தொட்டவன் ஏரியல் ஆவான்.

பண்பலையில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை தெளிவாகக் கேட்பதும், "ஆங், இப்பக் கேக்குது" என்று கையை எடுத்ததும் போய்விடுவதும் அனைவரும் கண்டது. அதன் காரணம்: மனித உடல் மின்சாரம் கடத்துவது. பண்பலைக்கு அரை அலைநீளம் ஒன்றரை மீட்டர். நம் ஆட்களின் உயரமும் அதற்கு மிக அருகில். கம்பியைத் தொட்டவர் அந்த நேரத்துக்குக் கம்பியின் நீட்சியாகிறார். செல்போனில் பண்பலை கேட்க இயர்போன் செருகச் சொல்வதும் இப்படித்தான், ஒயரே ஏரியல்.

இதனால் குடும்பத்தில் எழும் சிக்கல் சிறிதன்று. யார் தொட்டால் நன்றாகக் கேட்கிறதோ அவர் அங்கேயே நிற்க வேண்டும். பெரும்பாலும் வீட்டில் சின்னப் பையனே இதற்குத் தகுதி பெறுகிறான். "அசையாதடா, அப்படியே நில்லு" என்று அப்பா சொல்ல, "காலைக் கொஞ்சம் தூக்கு" என்று சித்தப்பா சொல்ல, நிகழ்ச்சி முடியும்வரை அவன் ஒற்றைக்காலில் நிற்பான். காலைத் தூக்குவது ஒலியை மாற்றுமா எனின், மாற்றும். தேறுமா தேறாதா என்பது தூக்கிய பிறகே தெரியும்.

ஏழு: இரைச்சல் இயல்

சூத்திரம்: பகை வானத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

முன்பு மத்திய அலையைக் கெடுத்தவை இடியும் மின்னலும் பம்புசெட்டு ஸ்டார்ட்டரும். இன்று எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். இவற்றுக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டும் சில்லுகள் உண்டு; வெட்டும்போதெல்லாம் குட்டி ஒலிபரப்பாக இரைச்சலைக் கக்கும். கான்கிரீட் வீடு இன்னும் மோசம்: கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிவலை வெளியலையை உள்ளே விடாது, உள்ளிரைச்சலை வெளியே விடாது. ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் இக்கவலை இல்லை. வசதி ஏற ஏறத் திருச்சி வானொலி தேயும் என்பது இதனால் பெறப்படும்.

கண்மாய்க் கரையில் ரேடியோ நன்றாகக் கேட்கும் என்பது ஆடு மேய்ப்பார் துணிபு. தண்ணீர் அலையை இழுக்கிறது என்பார் அதற்கு உரை. அது பொருந்தாது, கண்மாய் வற்றிக் கிடந்தாலும் கேட்கும். கரைமேல் கரண்டுக் கம்பி இல்லை, சார்ஜர் இல்லை, மேலே கான்கிரீட் இல்லை. சேர்ந்தது எதுவுமில்லை, விலகியதே காரணம்.

இதற்கு மாவட்டம் முழுதும் கண்ட சான்றும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. அத்தகைய இருட்டில் செய்தி கொண்டுவரக்கூடியது இரண்டு கட்டையில் ஓடும் பெட்டி. அதன் செவியைக் கெடுக்க ஊரில் ஒரு பல்பும் எரியாததால் இரைச்சல் அடியோடு விழுந்திருக்கும். ஊருக்கு வந்த கேட்டில் ரேடியோவுக்கு மட்டும் வாய்ப்பான நிலை அது.

புறனடை

செயலியில் திருச்சியும் கேட்கும், சிங்கப்பூர் ஒலி 96.8-உம் கேட்கும், கரகரப்பே இல்லையே. இந்நூல் எதற்கு என வினவின், செயலிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்குக் கரண்டு வேண்டும். இரண்டும் போனபின் எஞ்சுவோர்க்கே இந்நூல். மற்றவர் இதற்கு அதிகாரிகள் அல்லர்.

இங்கே சொல்லாமல் விட்டவற்றை வழக்கு நோக்கிக் கொள்க. சொன்னவற்றின் சாரம் மூன்று. மத்திய அலைக்குப் பெட்டியைத் திருப்புக, கம்பியை அன்று. பண்பலைக்குப் பெட்டியை ஒன்றரை முழம் நகர்த்துக. எதைக் கேட்பதானாலும் முதலில் வீட்டில் உள்ள சார்ஜர்களைக் கழற்றுக.

நான்காவது ஒன்று உண்டு; அது இயற்பியல் அன்று, நீதி. கம்பியைத் தொட்டு நிற்பவன் ரேடியோவின் உறுப்பாகிவிடுகிறான். அவன் இல்லாவிட்டால் ஒலியே இல்லை. ஆகவே எந்த ஸ்டேஷன் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கே உரியது. சித்தப்பா மறுப்பாராயின், அவரே வந்து ஒற்றைக்காலில் நிற்கக் கடவர்.