சித்தப்பாவுக்கு ஒரு மாகாணம்

கேள்வி: பள்ளிக்கூடத்தில் என் மகனுக்கு இந்தத் தவணை பழைய பாக்தாத் பாடம். கலீஃபா தன் தம்பியையும் சித்தப்பாவையும் ஏன் தூர தேசங்களுக்கு ஆளுநராக அனுப்பினார் என்று துளைக்கிறான். என்ன சொல்ல? (ஹாரோ வாசகி)

பதில்: பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பயம், சும்மா விட அதைவிடப் பயம் என்று சொல்லுங்கள். மூத்த மகனுக்கே பட்டம் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அண்ணனுக்குப் பின் தம்பி, மகனுக்கு முன் சித்தப்பா என்று யாரும் உரிமை கோரலாம். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாகாணத்தைக் கொடுத்துவிட்டால் மரியாதையும் ஆச்சு, தூரமும் ஆச்சு. வெளியாளை அனுப்பினால் மிஞ்சிப்போனால் மாகாணத்தை அமுக்குவான். சொந்தக்காரன் சிம்மாசனத்தையே கேட்பான். இரண்டில் எது மலிவு என்று கணக்குப் போட்டே பல கலீஃபாக்களுக்குத் தலை நரைத்திருக்கும்.

கேள்வி: ஆளுநர் என்றால் சென்னை ராஜ்பவன் ஞாபகம்தான் வருகிறது. அது மாதிரிதானா? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: இல்லை. கையில் படை இருந்தது, வெள்ளிக்கிழமைத் தொழுகையை முன்நின்று நடத்தும் பொறுப்பு இருந்தது, வரியும் சில சமயம் இருந்தது. நிறுத்திவைக்க மசோதாதான் இல்லை.

கேள்வி: இந்த இளவரசர்களின் சுவடு ஏதாவது லண்டனில் உண்டா? (டூட்டிங் வாசகர்)

பதில்: செயின்ட் பாங்க்ராஸில் இருக்கிற பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு கட்டுப் பாபிரஸ் தாள்கள் இருக்கின்றன. 1901-ல் மேல் எகிப்தில், அஃப்ரோடிட்டோ என்ற பழைய ஊர் இருந்த இடத்தில் கிடைத்தவை. எழுதியவர் குர்ரா இப்னு ஷரீக், 709 முதல் எகிப்தின் ஆளுநர். பெற்றுக்கொண்டவர் பசிலியோஸ் என்ற உள்ளூர் அதிகாரி, ஏறக்குறைய நம்மூர் தாசில்தார். வரிப்பணம் ஏன் இன்னும் வரவில்லை, கடற்படைக்குப் படகோட்டிகள் எங்கே, டமாஸ்கஸ் பள்ளிவாசல் வேலைக்கு ஆள் அனுப்பு, நிலத்தை விட்டு ஓடிப்போன குடியானவர்களைப் பிடி. கடிதத்துக்குக் கடிதம் இதே அதட்டல்தான்.

குர்ரா இளவரசர் அல்ல. ஆனால் அவருக்கு முன் அதே நாற்காலியில் ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டு இருந்தவர்கள் இருவருமே இளவரசர்கள். முதலில் கலீஃபா அப்துல் மலிக்கின் தம்பி அப்துல் அஸீஸ், 685-லிருந்து 705 வரை. பிளேக் வந்தபோது ஹுல்வானுக்குக் குடிபெயர்ந்து, அங்கே மாளிகைகள் கட்டிக்கொண்டு நிம்மதியாக ஆண்டார். அண்ணனுக்குப் பின் கலீஃபா பட்டம் அவருக்குத்தான் என்று அப்பா எழுதிவைத்திருந்தார். அண்ணனுக்கோ தன் பிள்ளைகள் வர வேண்டும். விட்டுக்கொடு என்றார், தம்பி அசையவில்லை. அண்ணனுக்குச் சில மாதம் முன்னால் தம்பி இறந்துபோக, சிக்கல் தானாகத் தீர்ந்தது. உடனே கலீஃபா தன் மகன் அப்துல்லாவை எகிப்துக்கு அனுப்பினார். சித்தப்பா வைத்த ஆட்களையெல்லாம் மாற்று, அவர் சுவடே தெரியக்கூடாது என்பது உத்தரவு. (சித்தப்பாவின் மகன் உமர் 717-ல் கலீஃபாவே ஆனார். சுவட்டை அழிப்பது அத்தனை சுலபமில்லை.)

கேள்வி: அந்த அப்துல்லா எதையாவது உருப்படியாகச் செய்தாரா? (அதே டூட்டிங் வாசகர், விடமாட்டார் போல)

பதில்: 706-ல் அரசாங்கக் கணக்கு வழக்கெல்லாம் இனி அரபியில்தான் என்று ஆணை போட்டார். அதற்குமுன் கிரேக்கத்திலும் காப்டிக்கிலும் நடந்த அலுவலகம் அது. மூன்று வருஷம் கழித்து அடுத்த ஆளுநர் பசிலியோஸுக்கு எழுதிய கடிதங்களில் பாதிக்குக் கிரேக்கம் கொஞ்சி விளையாடுகிறது! தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மற்றபடி அவர் காலத்தில் பஞ்சம், விலையேற்றம், கையூட்டுப் புகார். 709-ல் கலீஃபாவாக இருந்த அண்ணன் வலீத் அவரைத் தூக்கினார். ஊர் திரும்பும் வழியிலேயே மூட்டை முடிச்சும் பறிமுதல்.

கேள்வி: நம்ம பஞ்சதந்திரத்தை அரபியில் எழுதியவரைக் கொன்றுவிட்டார்களாமே, அவருக்கும் இந்த இளவரசர்களுக்கும் சம்பந்தம் உண்டா? (வெம்ப்ளி வாசகி)

பதில்: உண்டு, அதுவும் சித்தப்பா வழியாகத்தான். பிற்பாடு பாக்தாத்தில் ஆண்ட அப்பாஸியர்கள் ஆட்சியைப் பிடித்த 750-ம் ஆண்டுப் போரில் ஜெயித்துக் கொடுத்த தளபதி அப்துல்லா இப்னு அலி. பரிசாக சிரியாவின் ஆளுநர் பதவி. 754-ல் முதல் அப்பாஸிய கலீஃபா இறந்ததும் 'பட்டம் எனக்குத்தான் என்று வாக்கு' என்றார் சித்தப்பா. ஆனால் பட்டம் அண்ணன் மகன் மன்சூருக்குப் போயிருந்தது. சண்டை போட்டார், தோற்றார், பாஸ்ராவுக்கு ஓடினார். அங்கே ஆளுநர் யார்? இன்னொரு சித்தப்பா, சுலைமான்!

சுலைமான் தம்பியை ஒளித்து வைத்துக்கொண்டு மன்சூரிடம் மன்னிப்புப் பத்திரம் கேட்டார். அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்த குமாஸ்தாதான் இப்னுல் முகஃப்பா, நீங்கள் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். வடமொழியிலிருந்து பாரசீகத்துக்குப் போயிருந்த நரிக் கதைகளை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் தந்தவர். பத்திரத்தில் ஓட்டையே வைக்கவில்லை அவர். கலீஃபா வாக்கு மீறினால் அவருடைய மனைவியர் விவாகரத்து ஆனவர்கள், அடிமைகள் விடுதலை, மக்கள் யாரும் அவருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றெல்லாம் எழுதினார். மன்சூர் படித்துவிட்டு, 'இதை எழுதினவன் யார்?' என்று கேட்டாராம். கேள்வி அவ்வளவுதான். சுலைமான் பதவி போனது. புதிய ஆளுநர் குமாஸ்தாவைத் துடிக்கத் துடிக்கக் கொன்றார். சிங்கத்தின் அரண்மனையில் நரி மூட்டிய கோளால் எருது செத்த கதையை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று பாஸ்ராவில் இல்லை.

சித்தப்பாவோ சிறைக்குப் போனார். 764-ல் அவர் இருந்த வீடு இடிந்து மேலே விழுந்தது. அஸ்திவாரத்தை உப்பால் போட்டு, சமயம் பார்த்துத் தண்ணீர் விட்டார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். மன்சூர் சிக்கனத்துக்குப் பேர்போனவர். உப்பு செலவு குறைவு.

கேள்வி: அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரனுக்கு கலீஃபா என்று ஒருவர் இருப்பதாவது தெரியுமா? (குரோய்டன் வாசகர்)

பதில்: கலீஃபாவைத் தெரியுமோ என்னவோ, அவருடைய காசைத் தெரியும். பிரிட்டிஷ் மியூசியத்தில் மெர்சியா அரசர் ஆஃபாவின் தங்கக்காசு இருக்கிறது. மேலே சொன்ன அதே மன்சூர் 774-ல் அடித்த தினாரின் நகல். 'இறைவன் ஒருவனே' என்கிற அரபு வாசகம் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் எழுத்துப் பிழையோடு. நடுவில் லத்தீனில் 'ஆஃபா அரசர்'. அரபி நேராக இருந்தால் அரசர் தலைகீழாக நிற்பார். அச்சு வெட்டிய தட்டானுக்கு எது மேல், எது கீழ் என்று சொல்ல ஆளில்லை.

கேள்வி: நம் சோழர்களும் இதைத்தானே செய்தார்கள்? (இல்ஃபோர்ட் வாசகர்)

பதில்: அவர்கள் மகனை அனுப்பினார்கள். ராஜேந்திரன் மதுரையில் மாளிகை கட்டி, சோழ பாண்டியன் என்று பட்டம் கொடுத்து மகனை உட்காரவைத்தான். சித்தப்பா விஷயத்தில் அவன் அப்பா ராஜராஜன் இன்னும் ஒரு படி மேலே. சித்தப்பா உத்தம சோழருக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு நாடு வேண்டாம் என்று ஒதுங்கி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. செப்பேட்டை எழுதியவர்கள் மகனின் சம்பளக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

கேள்வி: வெள்ளைக்காரன் இந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொள்ளவில்லையா? (லூயிஷம் வாசகி)

பதில்: 1936-ல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டை 1940-ல் பஹாமாஸ் தீவுகளுக்கு ஆளுநராக்கி அனுப்பினார்களே! ஐரோப்பாவில் இருந்தால் ஜெர்மானியர் வளைத்துப்போடுவார்கள் என்ற கவலை. இரண்டாம் எலிசபெத்துக்கு அவர் பெரியப்பா. உறவுமுறை மாறியது, வைத்தியம் மாறவில்லை.

கேள்வி: இத்தனை பேரில் உங்களுக்குப் பிடித்த இளவரசர்? (மிட்சம் வாசகர்)

பதில்: சந்தேகமில்லாமல் இப்ராஹீம் இப்னுல் மஹ்தி. ஹாரூன் அல் ரஷீதின் தம்பி. டமாஸ்கஸின் ஆளுநராக இருந்தவர். உண்மையான தொழில் பாட்டு, உபதொழில் சமையல். பத்தாம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலில் அவர் பெயரால் பக்குவங்களே இருக்கின்றன. 817-ல் அண்ணன் மகன் மாமூன் மீது கோபம் கொண்ட பாக்தாத்காரர்கள் இவரைக் கலீஃபாவாக்கினார்கள். சிப்பாய்கள் சம்பளம் கேட்டபோது கஜானாவில் காசில்லை. அப்படியானால் வெளியே வந்து மூன்று பாட்டாவது பாடச் சொல்லுங்கள் என்று ஊர் சிரித்தது. 819-ல் மாமூன் வந்து சேர்ந்ததும் சித்தப்பா தலைமறைவு. ஆறு வருஷம் கழித்து, பெண் வேடத்தில் இரவில் நடந்துபோகும்போது காவல்காரன் தடுத்தான். விட்டுவிடச் சொல்லி மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். அந்த விலை உயர்ந்த மோதிரமே காட்டிக்கொடுத்தது. மாமூன் மன்னித்தார். மிச்ச காலத்தை இப்ராஹீம் பாடியும் சமைத்தும் கழித்தார்.