தூசிக்கு ஏது செக்போஸ்ட்?

வீட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை வாக்குவம் போட வேண்டும் என்று எந்தக் கடைக்காரரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: வாரத்துக்கு இரண்டு தடவை போதும், நாய், பூனை இருந்தால் இன்னொரு தடவை. இந்தக் கணக்கைப் போட்ட மகான் யாரோ, பாறசாலையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார்.

எங்கள் ஊர்த் தூசிக்கு இரண்டு மாநிலத்திலும் வீடு உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கோடு விழுந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, எங்கள் நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. மாமன் அந்தப் பக்கம், மச்சான் இந்தப் பக்கம். ரேஷன் கார்டு வேறு, பஸ்ஸின் நிறம் வேறு. தூசிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அமரவிளை செக்போஸ்டில் எக்ஸைஸ்காரர்கள் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். டயரில் ஒட்டியிருக்கும் செம்மண் எந்த ஊருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் வேண்டுமென்று குமரி மாவட்டத்துப் பாறைகளை ஏற்றிக்கொண்டு டிப்பர்கள் களியக்காவிளை தாண்டி வந்தன. துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்ததைப் பிற்பாடு ஊரே டிவியில் பார்த்தது. அந்தப் பாறையில் எங்களுக்குச் சேர வேண்டிய பங்கு அதற்கு வெகுநாள் முன்பே சிட்அவுட்டில் வந்து இறங்கிவிட்டது. நாற்காலிக் கையில் பெயர் எழுதலாம். பேரப்பிள்ளைகள் எழுதியும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் வருடம் முழுக்க உள்ள கூத்து. பருவத்துக்குப் பருவம் வருவது தனி. தை மாதம் ரப்பர் இலை கொட்டும். வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை தொடங்கினால் முற்றத்துச் சேறு செருப்பேறி அடுக்களை வரை வரும். ஆடியில் பீரோவுக்குள் தோல் பெல்ட்டும் கல்யாண ஆல்பமும் பூஞ்சை பிடிக்கும். அதைத் துடைத்து முடித்தால் ஓணம். ஓணம் முடிந்து மூச்சுவிட்டால் ஐப்பசி மழை. அப்புறம் மார்கழியில் கிறிஸ்துமஸ் வீட்டார் வெள்ளையடிக்கத் தொடங்க, சுண்ணாம்புத் தூள் மதபேதம் பாராமல் எல்லா வீட்டுக்கும் வரும். அதையும் துடைத்தால் பொங்கல். திருவனந்தபுரம் ஜில்லாவில் பொங்கலுக்கும் லீவு விடுகிறார்கள். வீடு தூத்து வாரத்தான் விடுகிறார்கள் என்பது என் அம்மாவின் முடிவு.

அம்மாவுக்கு வாரக்கணக்கு கிடையாது. விடியுமுன் முற்றம், பிறகு வீட்டின் உள்ளே, சாயங்காலம் விளக்கு வைக்குமுன் இன்னொரு தடவை. விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் மின்னலே வந்து விழுந்தாலும் வாரியலைத் தொடக்கூடாது. லட்சுமி இறங்கிப் போய்விடுவாள். ஆயுதம் ஈர்க்கில் வாரியல். விழுந்த தென்னோலையைக் கிழித்து, ஈர்க்கிலைச் சீவி, வெயிலில் காயவைத்து, அடியைத் தரையில் தட்டிச் சமப்படுத்திக் கயிற்றால் இறுக்குவார். புதிதாக இருக்கும்போது அது முற்றத்துக்கு. முனை தேய்ந்து கட்டையானதும் கழிப்பறைக்கு. பதவியிறக்கம் உண்டு, ஓய்வு கிடையாது.

இந்த ராஜ்யத்துக்குள்தான் துபாயிலிருந்து அக்கா மகன் ஒரு வாக்குவம் க்ளீனரைக் கொண்டுவந்து இறக்கினான்.

“ஆயிரத்து அறுநூறு வாட்ஸ் பாட்டி!” என்றான்.

அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். “கொள்ளாம் மக்ளே. இதுல மாவு ஆட்டலாமா?”

“தூசிய உறிஞ்சும் பாட்டி.”

“உறிஞ்சி?”

“இந்தப் பைக்குள்ள போகும்.”

“பை நெறஞ்சா?”

பையன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அம்மா கேட்ட கேள்வியில்தான் இந்த மெஷினே பிறந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்று ஒரு இன்ஜினியர். தூசியை ஊதித் தள்ளும் யந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தைப் பார்க்கப் போனார். ஊதிய தூசி கொஞ்ச நேரம் பறந்துவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்ற, ஓர் உணவகத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்து இருமித் தள்ளினார் என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் உலகின் முதல் வாக்குவம் க்ளீனர் ஒரு துரையின் வாய். 1901-இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய யந்திரம் குதிரை இழுக்கும் வண்டியளவு இருந்தது. தெருவில் நிறுத்திக் குழாயை ஜன்னல் வழியாக விட வேண்டும். அடுத்த வருடம் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளத்தைச் சுத்தம் செய்ததில் அதற்குப் பெயர் வந்தது.

கவனியுங்கள், கம்பளம். வாரக்கணக்கெல்லாம் சுவரோடு சுவர் கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீடுகளுக்கு. அங்கே தூசி நூலுக்குள் புகுந்துகொள்ளும், வாரியல் எட்டாது. எங்களுக்குத் தரையெல்லாம் டைல்ஸ்; அதற்கு முன் சிவப்பு ஆக்ஸைடு; அதற்கும் முன் சாணமும் சிரட்டைக் கரியும் கலந்து மெழுகிய தரை. வீட்டிலுள்ள ஒரே கம்பளம் வாசலில் கிடக்கும் கயிற்று மிதியடி. மெஷினை அதன்மேல் வைத்தேன். மிதியடியே எழும்பி வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மெஷினுக்கு உண்மையான சோதனை வெள்ளறடைப் பக்கம் அக்கா வீட்டில். அதை ஒட்டி ரப்பர் தோட்டம். ரப்பர் தோட்டம் என்றால் முப்ளி வண்டு. உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று வளரும் இந்தக் கறுப்பு வண்டு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கோடை மழை தொடங்கியதும் கூட்டமாகக் கிளம்பி வெளிச்சம் தெரிகிற வீட்டுக்குள் வந்து, ஓட்டுக்கடியில் ஒன்பது மாதம் போலச் சும்மா படுத்திருக்கும். சாப்பாடு வேண்டாம், வாடகையும் தராது. ஒரே வீட்டில் ஐந்து லட்சம் முதல் நாற்பது லட்சத்துக்கு மேல்கூட இருக்கும் என்று 2008-இல் வெளியான கேரள ஆய்வு ஒன்று சொல்கிறது. நசுக்கினால் நாற்றத்தோடு தோலைப் பொசுக்கும் நீர் விடும்.

“தம்பி, அந்தச் சவத்த எடுத்துட்டு ஓடி வா” என்று அக்கா போன் செய்தாள். சவம் என்றது மெஷினை.

கஞ்சிப் பானையை மூடிவைத்துவிட்டு மெஷினைப் போட்டோம். சுவரோரத்தில் கறுப்புக் கரையாக நகர்ந்துகொண்டிருந்த வண்டுகள் குழாய்க்குள் சடசடவென்று பொரிந்தபடி ஏறின. சுவர் வெள்ளையானது. வெற்றி என்று சுவிட்சை அணைத்தேன். ஓசை அடங்கியது. குழாயின் வாயில் முதலில் இரண்டு மீசை தெரிந்தது. அப்புறம் ஒரு தலை. ஒருவர் வெளியே வந்து இடமும் வலமும் பார்த்து, நேரே நடந்து, பழைய மூலைக்கே போனார். பின்னாலேயே அவர் குடும்பம். அக்கா ஒரு பழைய துணியைச் சுருட்டிக் குழாயில் திணித்தாள். “இப்ப இத எங்க கொண்டு கொட்டுவ?” என்றாள். அம்மாவின் மகளல்லவா.

ரப்பர் தோட்டத்தில் கொட்டினால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். பக்கத்துப் புரையிடத்தில் கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, வாசலிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பிளாஸ்டிக்கை எடுத்துப் போகும் ஹரித கர்மசேனைப் பெண்களிடம் கொடுக்கலாமென்றால், அவர்கள் கழுவிக் காயவைத்த கவரைத்தான் வாங்குவார்கள். உயிருள்ள குப்பைக்கு அவர்களிடம் ரசீது இல்லை. கடைசியில் குழி வெட்டி மூடினோம்.

குழி வெட்ட மனமில்லாதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு குறுக்குவழி உண்டு: எல்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளத்துக் கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் லாரியேறித் தமிழ்நாட்டுக்குப் போவது இங்கே பழைய செய்தி. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி கிராமங்களில் கிடந்து, பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்தபின் கேரளத்து லாரிகள் போய்த் திரும்ப அள்ளி வந்தன. அங்கிருந்து பாறைத்தூள் வருகிறது, இங்கிருந்து கழிவு போகிறது. இரண்டு மாநிலமும் தத்தம் வீட்டைத் தவறாமல் பெருக்குகின்றன. வாரியல் நிற்கிற இடம் மற்றவன் முற்றம்.

அதனால் மெஷினைக் குறை சொல்லவில்லை. அதற்கென்று வேலை இருக்கிறது. எங்கள் ஈரக்காற்றில் மெத்தையும் தலையணையும் தூசிப்பூச்சி பெருகத் தோதான இடம். வீசிங் உள்ளவர் இருந்தால் மெத்தையை வாரத்துக்கு ஒருமுறை மெஷினால் உறிஞ்சுங்கள். ஃபேன் இறக்கை, கொசுவலைச் சட்டம், புத்தக அலமாரி ஆகியவற்றுக்கு மாதம் ஒருமுறை. ஹெப்பா ஃபில்டர் இல்லாத மெஷினால் பூஞ்சையைத் தொடாதீர்கள். முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதும். பூஞ்சையை ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. தரைக்கு வாரியல், தினமும். முற்றத்துக்கு அம்மா சொல்கிற கணக்கு.

மெஷின் வாங்கும் முன் எத்தனை வாட்ஸ், எத்தனை வருட வாரண்டி என்றெல்லாம் விசாரியுங்கள். பை நிறைந்தால் எங்கே கொட்டுவீர்கள் என்பதையும் சேர்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வேலிக்கு உள்ளே ஓர் இடத்தைக் காட்ட முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். முடியாதென்றால் ஈர்க்கில் வாரியலே போதும். கரண்டு பில்லாவது மிச்சம்.