கேள்வி கேட்டால் விசுவாசம் குறையுமா?

கேள்வி: எங்கள் பங்கில் பைபிள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, திறப்பவர்கள்தான் இல்லை. பிள்ளைகள் ஏதாவது கேட்டாலோ, “விசுவாசம் குறைவு” என்று அதட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ரிவர்ஸ்டன்

பதில்: அதட்டுகிறவர்களிடம் அப்போஸ்தலர் பணிகள் 17ஆம் அதிகாரத்தை நீட்டுங்கள், தங்கச்சி. பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினமும் மறைநூலைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காகப் பாராட்டுத்தான் கிடைத்தது, திட்டு அல்ல! சைவரான ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்புக்கு உழைத்தார். ஞானஸ்நானம் பெற்ற நமக்கு அதைத் திறக்க என்ன தயக்கம்?

ரூத்து நூலில் தொடங்குங்கள். நாலே அதிகாரம். கணவனை இழந்த மோவாபியப் பெண், மாமியாரோடு பிறத்தியார் ஊருக்கு வந்து, அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிறாள். தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தராசில் வைத்துவிட்டு கணக்கப்பிள்ளை எத்தனை கிலோ கழிப்பாரோ என்று பார்த்து நின்ற அக்காமாருக்கு இதில் நூறு கேள்வி வரும். அவள் பொறுக்கியது பிச்சையா, உரிமையா? லேவியர் 19ஐத் திருப்புங்கள்: வயலோரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடவேண்டும் என்பது சட்டம். ஒரு கேள்வி இன்னொரு நூலைத் திறக்க வைத்துவிட்டது, பாருங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து, பிளேன்டீயோடு சேர்ந்து வாசிக்க அரை மணி நேரம் போதும். முதல் கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் ஃபாதரிடம் கொடுங்கள். அடுத்த கிழமை வரை அவரும் தேடட்டும்.