ஒரு வாரத்துக்குத்தான்

மந்தைவெளியில் இறங்கி நாய் மாமி வீடு எது என்று கேட்டால் இளநீர்க்காரர்கூட வழி சொல்லுவார். அவருடைய நிஜப்பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து ஃப்ளாட்காரருக்கே தெரியாது. மயிலாப்பூர் வட்டாரத்தில் இப்படி ஒருவர் இல்லாத தெரு குறைவு. புடவைத் தலைப்பில் எந்நேரமும் ரோமம், முழங்கையில் பழைய நகக்கீறல், கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ ஒரு பார்லே-ஜி பாக்கெட், ஒரு கழுத்துப்பட்டை, புண்ணுக்கு அடிக்கிற ஸ்ப்ரே. இவை இருந்தால் ஆள் அவர்தான்.

அடையாறில் இதே பிறவி வேறு அவதாரம். அங்கே காட்டன் குர்தா. தெருநாயை ‘இண்டி’ என்பார், அதற்கு மோக்கா, லூனா என்று பெயர் வைப்பார், காலையில் எலியட்ஸ் கடற்கரையில் ‘நோ பேபி, நோ’ என்று தமிழ் நாயிடம் இங்கிலீஷ் பேசுவார். தி.நகரில் ஆண் வடிவமும் உண்டு: கடை ஷட்டர்கள் இறங்கிய பிறகு ஸ்கூட்டரில் இரண்டு தூக்கோடு வரும் ஓய்வுபெற்ற பேங்க் மானேஜர். அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாண்டி பஜார் நடைபாதையே எழுந்து சோம்பல் முறிக்கும். மூன்று அவதாரங்களில் எனக்கு நெருக்கம் மாமிதான். அவர் மேல்வீடு, நான் கீழ்வீடு.

மாமி இதுவரை எந்த நாயையும் வளர்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. “ஒரு வாரத்துக்குத்தான். நல்ல இடமாக் கிடைச்சதும் அனுப்பிடுவேன்” என்றுதான் ஒவ்வொன்றும் படியேறும். அந்த ஒரு வாரத்தில் இப்போது நான்கு இருக்கின்றன. மூத்தவள் பைரவி, கன்னங்கரேல். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தருகே கிடைத்தவள். அவளுடைய ஒரு வாரம் நான்காவது வருஷமாக நடக்கிறது. அடுத்தது திஸ்ரம். ஆட்டோ ஏறி ஒரு கால் போய், மிச்சம் மூன்று. சபாக்களில் தாளம் போட்டே வளர்ந்த மாமிக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

மூன்றாவது ஒரு பக். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே நடந்துபோன பக்கைப் பார்த்து நாடே அந்த ஜாதிக்கு அலைந்தது. சப்பை மூக்கோடு மூச்சிரைப்பும், உருண்டைக் கண்ணோடு கண் கோளாறும் சேர்ந்தே வரும் என்று விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கை வைத்தியச் செலவு ஏறியதும் நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள், பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தோடு. “எவர்சில்வர் கிண்ணம். மனசாட்சி உள்ளவாதான்” என்றார் மாமி. நான்காவதற்குப் பெயரே இல்லை. பெயர் வைத்தால் தங்கிவிடும் என்று பயம். எல்லாரும் ‘ஏய்’ என்கிறோம்.

சென்னையில் இந்தக் கிறுக்குக்கு நல்ல பரம்பரை உண்டு. கேப்டன் வி. சுந்தரமும் மனைவி உஷா சுந்தரமும் 1951இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டிவந்தவர்கள். மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் வீட்டுக்கு எடுத்துவந்ததில்தான் 1959இல் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு தொடங்கியது. அவரும் வாசலில் நின்று ‘ஒரு வாரத்துக்குத்தான்’ என்று சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் விடாமல் பேசியதன் பலன் 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம். ஆனாலும் மாநகராட்சி வண்டி நாய் பிடிப்பதை விடவில்லை. தொண்ணூறுகளில் ஒரே நாளில் 135 வரை கொன்றிருக்கிறார்கள். கொன்று தீராது, கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விடுவோம் என்று 1964 முதலே புளூ கிராஸ் சொல்லிவந்ததைத் தொண்ணூறுகளின் நடுவில்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஆபரேஷன் ஆனதற்கு அத்தாட்சி காதோரத்தில் ஒரு சின்ன வெட்டு. மாமி தெருவில் போனால் மனிதர் முகம் கண்ணில் படாது, நாயின் காதுதான் படும்.

மனிதர்கள் அவருக்கு நாய் வழியாகத்தான் அறிமுகம். “ப்ரௌனிக்குச் சோறு வைக்கிற டெய்லர்”, “வெள்ளைக்காலன் படுக்கிற ஏடிஎம் வாட்ச்மேன்”, “உண்ணி எடுத்துவிடுவாளே, அந்த இட்லிக்கடை ஆயா.” இவர்கள் யாரோடும் மாமியின் அம்மா நின்று பேசியிருக்க மாட்டார். மாமியோ ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்கே போன் போடுவார். “இன்னா மாமி, யாரு அடிபட்டா?” என்றபடி வண்டி வந்துவிடும், பின்சீட்டில் விரிக்கப் பழைய சாக்கு ஒன்று அவர்களே வைத்திருக்கிறார்கள்.

பெரிய புரட்சி நடந்தது அடுப்பில். தயிர்சாதத்தில் நாயின் புண் ஆறாது, கோழி கொடுங்கள் என்று கால்நடை டாக்டர் சொன்ன அன்று மாமி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் விடிகாலை, தெரிந்தவர்கள் பால் வாங்க வருமுன், கோழிக்கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “பாய், ஒரு கிலோ” என்றார். யாருக்கு என்று பாய் கேட்கவில்லை. இப்போதெல்லாம் “மாமி, ஈரல் ஃப்ரெஷ்ஷா இருக்கு” என்று அவரே கூப்பிடுகிறார். கோழி ஒரு பிளாஸ்டிக் பைக்குள், அது இன்னொரு பைக்குள், அது பட்டுப்புடவைக் கடைப் பைக்குள் வீடு வரும். பால்கனியில் அதற்கென்று ஒற்றை அடுப்பு, அலுமினியப் பாத்திரம், நீளக் கரண்டி. உப்பு கிடையாது, ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி மட்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம் என்று டாக்டர் சேர்த்துச் சொன்னதில் மாமிக்குப் பரம திருப்தி: “பாத்தேளா, எவ்வளவு ஆசாரமான ஜீவன்!” கொதிக்கும்போது கிளறுகிற வேலை மாமாவுக்கு. மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் திருப்பி, கரண்டியை மட்டும் கீழே ஓட்டுவார். “இந்த நாய்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்று வருகிறவர்களிடம் அவர் சொல்வதும் அந்தக் கோலத்தில்தான்.

பைரவிக்கு மட்டும் மாதம் ஒரு உபத்திரவம் உண்டு. ஜோசியர் சொன்னார், கறுப்பு நாய்க்குப் போட்டால் பைரவருக்குப் போட்ட மாதிரி என்று தேய்பிறை அஷ்டமிக்கு அக்கம்பக்கத்தார் உளுந்து வடையோடு வந்து நிற்பார்கள். நவமி முழுக்க அவளுக்கு வயிற்றுப்போக்கு.

நாய்களோடு மாமிக்கு ஒரு சிரமமும் இல்லை. அவற்றுக்கு வீடு தேடும்போதுதான் கஷ்டம். தத்து கேட்டு வருகிறவர்களை ஊஞ்சலில் உட்காரவைத்து விசாரிப்பார். சொந்த வீடா, வாடகையா? ஓனர் எழுதிக் கொடுப்பாரா? பகலில் யார் இருப்பார்கள்? தீபாவளிக்கு எந்த ஊர்? கடைசியாக, குரலைத் தாழ்த்தி, “அமெரிக்கா ப்ளான் ஏதாவது இருக்கா?” பெண்ணை மணமுடித்துக் கொடுப்பவர்கள் அமெரிக்கா என்றால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள்; மாமி எழுந்து கதவைத் திறந்துவிடுவார். தத்து கேட்டு வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஆண் குட்டியா?” குப்பைத்தொட்டியருகே அட்டைப்பெட்டியில் கிடைப்பதெல்லாம் பெட்டையாகவே இருப்பது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். குட்டி போடாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், செலவு நான் ஏற்கிறேன் என்று மாமி சொல்லுவார். “இல்ல மாமி, வீட்ல பெரியவங்க…” என்று இழுப்பார்கள். பெரியவர் பக்கத்திலேயே மிக்சர் கொறித்துக்கொண்டிருப்பார்.

கொடுத்தாலும் திரும்பி வரும். மருமகளுக்கு ஆகவில்லை, பேத்திக்கு ஆஸ்துமா, சோபாவைக் கடித்துவிட்டது. வாஸ்து நிபுணர் வடமேற்கில் நாய் கூடாது என்றதால் ஒன்று வந்திருக்கிறது. குரோம்பேட்டைக்குக் கொடுத்த ஒன்றைத் தீபாவளியன்று, வாசலில் ஆயிரம்வாலா வெடித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து விட்டுவிட்டார்கள். மாமியும் ஆட்டோக்காரர்களும் ரயில்வே கேட் வரைக்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் பொங்கலுக்கு போன் செய்து, “வேற குட்டி இருக்கா மாமி?” என்றது. மாமி அன்று பேசிய வார்த்தைகள் மயிலாப்பூர் கேட்டறியாதவை.

குட்டிகளுக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் கூடத்து ஊஞ்சல் சங்கிலியில் ட்ரிப் பாட்டில் தொங்கும். குட்டியின் கால் என் கட்டைவிரல் பருமன்கூட இராது. ஊசி நழுவாதபடி மாமி அதைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பார். சொட்டு எண்ணுவது மாமா. சில பிழைக்கும். போன மழைக்காலத்தில் வந்த மூன்றில் இரண்டு பிழைக்கவில்லை. மறுநாள் மாமி அழவில்லை, முழங்காலில் உட்கார்ந்து வீடு முழுக்க ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்தார். அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கும், அதுவரை ஊசி போடாத குட்டி அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. ஒரு குட்டியும் இல்லாத அந்த மாதங்கள்தான் அவருக்குத் துக்கம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மாமி பரம எதிரி. நாய்க்கடி பயம் பொய்யில்லை; செயலாளரின் பேரன் சைக்கிளை ஒரு நாய் துரத்தியதை நானே பார்த்தேன், மாமியும் அதை மறுக்கமாட்டார். 2023இன் தெருநாய்க் கருத்தடை விதிகளை லாமினேட் செய்து வைத்திருக்கிறார் மாமி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக்கூடாது, வார்டுக்கு வார்டு தனி இடம் ஒதுக்கவேண்டும் என்றதும் செயலாளர் முதல் பாதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். மாமி இரண்டாம் பாதியை அதன் கீழே ஒட்டினார். இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. நோட்டீஸ் இரண்டும் இருக்கின்றன.

அப்புறம் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம் என்று வந்தது. கட்டணம் 50 ரூபாய், கழுத்தடியில் அரிசி அளவு மைக்ரோசிப். எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். நான்கையும் நுங்கம்பாக்கம் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக என் காரும் தேவைப்பட்டது. மேஜைக்குப் பின்னாலிருந்த பெண், ஓனர் பெயர் என்றார். மாமி வாயைத் திறக்குமுன் மாமா இனிஷியல் இரண்டையும், ஓய்வுபெற்ற பதவியையும் சேர்த்துத் தன் பெயரைச் சொன்னார். மூன்று முடிந்து ஏய் முறை வந்தது.

“பேரு?”

“இதுக்கு வேண்டாம்மா. இது ஒரு வாரத்துக்குத்தான் வந்திருக்கு.”

“ஒரு வாரத்துக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாதும்மா. ஒரு வருஷம்தான்.”

மாமி யோசித்துக்கொண்டு நின்றார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்புலுன்னு போட்டுக்கோங்கோ” என்றார். பெயர் காதில் விழுந்ததும் அது நாற்காலிக்கடியிலிருந்து துள்ளிவந்து அவர் வேட்டியில் இரண்டு காலையும் வைத்தது. பலநாள் பழகிய பெயர்.

மாமி கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்னா, எத்தனை நாளா நடக்கறது இது?”