ஸ்பேனர் அண்ணன்

அமராவதிபுதூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மாருதி 800 மூன்று சக்கரத்தில் நின்றால், நான்காவது சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கால்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஸ்பேனர் அண்ணன். இந்த ஊர் மட்டும் அவருக்கு உரிமை கொண்டாட முடியாது. தேவகோட்டையில் ஒருவர், கண்டனூரில் ஒருவர், பள்ளத்தூரில் ஒருவர் என்று செட்டிநாடு முழுக்கக் கிளைவிட்ட வர்க்கம் அது. பெரும்பாலும் பாங்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை பேனாவைத் தவிர எதையும் தொடாத கை, பென்ஷன் வரத் தொடங்கிய மாதமே ஸ்பேனரைத் தேடும்.

"என்னண்ணே, வண்டி படுத்திருச்சா?"

"வண்டி நல்லாத்தான் நிக்கிது. நான்தான் படுத்திருக்கேன்."

முன்பக்க ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிகிறது. பானட்டின் மூலையை அமுக்கிவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்கவேண்டிய வண்டி, கும்பிட்டுக் கும்பிட்டு எழுகிறது. காரைக்குடி ஒர்க் ஷாப்பில் கூலி கேட்டுவிட்டு வந்த அண்ணன், "நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குத் தெரியாதா?" என்று பொங்கினார். பணம் ஒரு சாக்குத்தான். தன் வண்டியை வேறொருவன் பிரிக்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பது அவருக்கு மானக்கேடு.

அவர் படித்ததெல்லாம் அம்பாசிடர் பாடம். சின்ன வயதில் கார் கொட்டகையில் டிரைவருக்கு டார்ச் பிடித்துக் கற்றது. பின்னால் பட்டா, அதைக் கட்டிப்பிடித்த யூ போல்ட், முன்னால் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். 1983-இல் மாருதி வந்தது. பின்னாலேயே வந்த அடுத்த மாடல்தான் அண்ணன் வண்டி. அதில் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய ஒரே தூண். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியரின் ஏற்பாடு. "அந்த ஆளு நம்ம வேகத்தடையைப் பார்த்திருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்" என்பது அண்ணனின் தீர்ப்பு. 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது, மே மாதம் அம்பாசிடரும் நின்றது. அந்த வருஷம் அவருக்கு இரட்டைத் துக்கம்.

ஆயுதங்கள் வந்த வழி தனிக் கதை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய மங்குச் சாமானுக்கும் கதவு நிலைகளுக்கும் நடுவே தேடியெடுத்த சீமை ஸ்பேனர்கள். கனமும் பளபளப்பும் பார்த்தால் பூஜையில் வைக்கலாம். ஆனால் எல்லாம் அங்குல அளவு. மாருதி பேசுவது மில்லிமீட்டர். ஒன்பதின்கீழ் பதினாறு அங்குல ஸ்பேனர், 14 மில்லிமீட்டர் நட்டில் அழகாக உட்காரும், கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஆட்டத்தோடு. துருப்பிடித்த நட்டின் ஆறு முனையும் மழுங்க அது தாராளம். மழுங்கின.

பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறப்போட்டு, சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரை இரவல் வாங்கி, அதன் கைப்பிடியில் போர்வெல் பைப்பைச் செருகி இழுத்தார்கள். இழுத்தது பக்கத்து வீட்டுப் பையன். "மூச்சைப் பிடி மாப்பிள்ளை" என்று நடத்திக்கொடுத்தது அண்ணன். ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடமாட்டார், செங்கல் முட்டுக்கொடுக்கவும் மாட்டார். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். இடிந்த வீட்டில் எடுத்த பர்மாத் தேக்குத் துண்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கித்தான் வண்டியை இறக்குவார்.

தூண் கழன்று வந்ததும் ஆச்சி வாசலுக்கு வந்துவிட்டார்.

"இங்க பாருங்க, பேரப்புள்ளைக வெளையாடுதுக. அந்தச் சுருளை இங்க பிரிக்காதீங்க."

ஆச்சி சொன்னது நியாயம். மேல் நட்டுக்குக் கீழே அந்த ஸ்பிரிங் அமுங்கிய கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கவ்வி போட்டு இறுக்காமல் நட்டைக் கழற்றினால் எங்கே பாயும் என்று அதற்கே தெரியாது. அண்ணன் தூணைச் சாக்கில் சுற்றி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வைத்து, அதே காரைக்குடி ஒர்க் ஷாப்புக்குப் போனார். ஸ்பிரிங்கைப் புதுத் தூணுக்கு மாற்றிக்கொடுத்தார்கள், கூலியும் வாங்கினார்கள். வீட்டில் அவர் சொன்ன கணக்கு: "சும்மா ஒரு கை பிடிச்சான்."

ஒரு தூணோடு விடவில்லை. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி கோணும் என்று இன்னொன்றையும் மாற்றினார். கூடவே கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும். இங்கேதான் சிரித்துக்கொண்டிருந்த தெரு கொஞ்சம் அடங்கவேண்டியிருந்தது. அவசரக்காரர்கள் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கி முடித்துவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலேறும், இறுகிப்போன ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். அண்ணன் போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, சக்கரங்களைத் தேக்குப் பலகைமேல் ஏற்றி, வண்டியின் பாரம் முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அடியில் புகுந்து இறுக்கினார். வேட்டி முழுக்கக் கிரீஸ், முகத்தில் பாங்கு ஆடிட்டில் ஜெயித்த களை.

அப்புறம் அலைன்மென்ட். அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கொத்தனார் நூலை வண்டியின் இருபுறமும் இழுத்துப் பிடிக்கவைத்து, ஸ்கேலால் அளந்தார். முறை தப்பில்லை. நூலின் ஒரு முனையைப் பிடித்திருந்த பேரன் நடுவில் ஐஸ் வண்டிக்குத் திரும்பியதுதான் தப்பு. தேவகோட்டை ரஸ்தா வரை ஓட்டிப் பார்த்ததில், ஸ்டியரிங்கை விட்டால் வண்டி தானாக இடப்பக்கம் குன்றக்குடிக்குப் புறப்பட்டது. "முருகன் கூப்பிடுறான்" என்றார் அண்ணன். செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்துகொண்டு வந்தார்.

இப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. அதனால் அவர் காது அடுத்தவர் வண்டிகளுக்கு ஒழிந்திருக்கிறது. முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டே, "அது லிங்க் ராடு. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க" என்று குரல் கொடுப்பார். கடகடவென்று சத்தம் போடும் வண்டிக்காரர்கள் அவர் கண்ணில் படாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். ஆனால் செட்டிநாட்டு வீடல்லவா? முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அந்த அடுத்த தெருவில்.